காளான் பூத்த அறை

அத்தியாயம் 17

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ஒதியம்பட்டில் பாதி வீடுகளில் நெற்றி நிறைய நாமமும் வாய் நிறைய கோவிந்தாவுமாகப் பொழுது விடிந்தது. சுப்பராயலு வீட்டிலும் நாமம் இருந்தது, கோவிந்தா இருந்தது. பேச்சு மட்டும்தான் இல்லை.

பேச்சு நின்று இன்றோடு அறுபத்தெட்டு நாள். மகாலட்சுமி எண்ணிக்கொண்டே வருகிறாள்.

ஆடியில் ஒரு மதியம் அவள் காளான் குழம்பு வைத்துப் பரிமாறப்போக, அவர் தட்டைத் தள்ளிவிட்டார். "இது கவுச்சி. கெழம நாள்ல இது என் தட்டாண்ட வரக் கூடாது."

"வைக்கோல்ல மொளைக்கிறது எப்படிங்க கவுச்சியாவும்?"

காளானில் தொடங்கிய சண்டை காளானோடு நிற்கவில்லை. மகன் பெயர் வந்தது. "பெத்த புள்ளயத் தொரத்திட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து கை கழுவிவிட்டார். அதோடு சரி.

அன்றிலிருந்து அவர் தோட்டத்துத் தக்காளியில் ரசம் வைத்து அவருக்கு ஒரு பக்கம். காளானை வதக்கி இவளுக்கு ஒரு பக்கம். ஒரே அடுப்பு, இரண்டு கட்சி. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவர் மாட்டிடம் சொல்வார். செவலை என்ற அந்தப் பசு பாவம், இந்த இரண்டு மாதத்தில் எவ்வளவோ கேட்டுவிட்டது.

"செவலை, மோட்டார் ரூம் சாவி மாடத்துல இருக்குது."

மகாலட்சுமி சாவியை எடுத்துக்கொள்வாள். பதில் சொல்ல அவளுக்கு ஒரு மாடுகூட இல்லை.

அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த அறைதான். புகழ்வேந்தனின் அறை. பதினோரு மாதத்துக்கு முன்னால், மெட்ராஸில் கூட வேலை செய்த அர்ச்சனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றான் அவர்கள் ஒரே மகன். பெண்ணை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு முதலில் தனியாகத்தான் வந்தான். "வேற ஆளுங்க வூட்டுப் பொண்ணு. இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார் சுப்பராயலு. மகாலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பூட்டிய அறையைக் கடந்து போகும் போதெல்லாம் பூட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பங்குனியில் மகளிர் குழுத் தலைவி விஜயராணி காளான் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது, இருட்டும் ஈரமும் உள்ள அறை வேண்டும் என்றார்கள். வீட்டில் வேறு அறையும் உண்டு. இவள் மகன் அறையைத் திறந்தாள். ஏதோ ஒன்று அங்கே மூச்சு விடட்டும் என்று நினைத்தாள்.

இன்றும் விடிந்ததும் அங்கேதான் போனாள். ஜன்னலில் நனைத்த சாக்கு. உத்தரத்திலிருந்து உறியாகத் தொங்கும் வைக்கோல் பைகள், மொத்தம் நாற்பது. பைகளின் ஓட்டை வழியாகச் சிப்பிக் காளான்கள் வெள்ளை வெளேரென்று தலை நீட்டியிருந்தன. தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இன்னா, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டாள். பைகளுக்குப் பின்னால் சுவரில் மூன்று கரிக்கோடுகள். ஆறாவது படிக்கும்போது புகழ் கிழித்த கிரிக்கெட் ஸ்டம்பு. அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கூடத்துக்கு வந்தாள். வில்லியனூரில் கொம்யூன் பஞ்சாயத்து மகளிர் குழுக்களின் சத்துணவுக் கண்காட்சி இன்றைக்கு. அவள் பேச வேண்டிய தலைப்பு 'காளானா, தக்காளியா: எதில் சத்து அதிகம்?' விஜயராணி எழுதிக் கொடுத்த பெரிய அட்டை இரவெல்லாம் கட்டில் மேல் கிடந்தது. நூறு கிராமுக்கு இத்தனை என்று இரண்டு வரிசை. காளான், புரதம் முப்பது கிராம். தக்காளி, புரதம் ஒரு கிராம். முப்பதுக்குப் பக்கத்தில் விஜயராணி சிவப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருந்தாள்.

அந்த நட்சத்திரத்துக்குக் கீழே பென்சிலில் குட்டிக் குட்டியாக ஒரு வரி.

'எது காஞ்சது? எது பச்சை?'

அவர் எழுத்து. கரும்பு ஆலையில் எடைமேடையில் இருபது வருஷம் நின்ற மனிதர். வெட்டின அன்றைக்கு வரும் கரும்பு என்ன எடை, நாலு நாள் காய்ந்து வரும் கரும்பு என்ன எடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

மகாலட்சுமிக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! விற்காத காளானை அவளே வெயிலில் காய வைக்கிறாள். பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுண்டிப் போகும். காய்ந்த காளானையும் பச்சைத் தக்காளியையும் ஒரே தராசில் வைத்தால் தக்காளி தோற்காமல் என்ன செய்யும்?

தப்பைக் கண்டுபிடித்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அறுபத்தெட்டு நாளில் அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை இது. அதுவும் கேள்வி. எட்டிப் பார்த்தாள். அவர் தோட்டத்தில் குனிந்து தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

கல்யாண மண்டபத்தில் விஜயராணி ஓடியாடிக்கொண்டிருந்தாள். மகாலட்சுமி ஸ்கெட்ச் பேனாவைக் கேட்டு வாங்கி, முப்பதில் சுழியை அடித்து மூன்றாக்கியதும் விஜயராணி அலறிவிட்டாள்.

"அக்கா! இன்னாக்கா பண்ற? அதான் நம்ம ஸ்டாலுக்கே மூஞ்சி!"

"அது காஞ்ச காளான் கணக்கு விஜயா. பச்சையில மூணுதான்."

"எவ கேக்கப் போறா இங்க?"

"ஒருத்தரு கேட்டுட்டாரு" என்றாள் மகாலட்சுமி.

பின்னால் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'மகாலட்சுமி, ஒதியம்பட்டு. வீட்டு அறையிலேயே சிப்பிக் காளான்.' பைகளுக்கு நடுவே அவள் நிற்கும் படம். சிரிக்கச் சொன்னதால் சிரித்திருந்தாள்.

முற்பகல் முழுக்கக் கூட்டம். சுண்டல் கொடுத்த ஸ்டாலில்தான் கூட்டம் என்பது வேறு விஷயம். அவள் தன் ஸ்டாலில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். ரெண்டுலயும் முக்கால்வாசிக்கு மேல தண்ணிதாம்மா. புரதம் காளான்ல மூணு மடங்கு. தக்காளியில வைட்டமின் சி இருக்குது, காளான்ல அது சுத்தமா கெடையாது. காளான வெயில் காட்டினா வைட்டமின் டி வரும், தக்காளிக்கு அந்த வித்தை தெரியாது. மத்தியானம் எல்லாரும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் டிபன் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள். வீட்டிலும் அப்படித்தான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, ஐந்து மாத வயிறு, வெளுத்த உதடு. கையில் ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டை. பேனரை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வந்தாள்.

"அம்மா, எனக்கு ரத்தம் எட்டு புள்ளி ஆறுதான் இருக்குதாம். காளான் சாப்பிடறதா, தக்காளி சாப்பிடறதா?"

"உட்காருமா மொதல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டாள் மகாலட்சுமி. விஜயராணியாக இருந்தால் காளான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். இவளுக்கு அந்த உதட்டைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை. "நெஜத்தச் சொல்லட்டா? ரத்தத்துக்கு ரெண்டும் போதாது. இரும்புச்சத்து தக்காளிய விடக் காளான்ல கொஞ்சம் கூட. ஆனா உனக்கு வேண்டிய அளவுக்கு வராது. ஆஸ்பத்திரில குடுக்கற மாத்திரைய ஒரு நாள் வுடாத போடு. டீ குடிச்சிட்டு உடனே போடாத. முருங்கக்கீரை, கேழ்வரகு சாப்பிடு. கூடவே தக்காளி சேத்துக்க. அதுல இருக்கற வைட்டமின் சி, கீரையில இருக்கற இரும்ப ஒடம்புல ஒட்ட வெக்கும். காளான் தெம்புக்கு. நல்லா வேக வெச்சி சாப்பிடு."

"தக்காளிக்குக் கொறச்சல் இல்லமா. வாராவாரம் ஞாயித்துக்கெழம காலைல கேட்டுல ஒரு மஞ்சப் பை தொங்கும். வரி வரியா நாட்டுத் தக்காளி. யாரு மாட்டறாங்கன்னே தெரியல. ஹவுஸ் ஓனர் அம்மான்னு நெனச்சி பையத் தொவைச்சி அங்கியே மாட்டி வுடுவேன். அடுத்த வாரம் அதே பை வரும். காது கிழிஞ்சி நீல நைலான் நூலு போட்டுத் தெச்சிருக்கும்."

மகாலட்சுமி அவளுக்குக் கொடுக்க எடுத்த காளான் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். உர மூட்டையின் நீல நூலைப் பிரித்து, அந்தக் காதைத் தைத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "செவலை, வில்லியனூர்ல போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று அவர் கிளம்பிப் போவதும் நினைவுக்கு வந்தது.

"காளான்தான் சாப்பிட முடியாது" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு அந்தப் பேரக் கேட்டாலே எழுந்து போயிடுவாரு."

"கவுச்சின்னா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்ல. வைகாசில அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணாரு. 'என் ரூமு எப்படிமா இருக்குது'ன்னு கேட்டாரு. 'காளான் பூத்துக் கெடக்குதுடா'ன்னு சொல்லி கட் பண்ணிட்டாங்களாம். அன்னிக்குச் சோறே திங்கல. 'ஒரு நாள்கூட அந்தக் கதவத் தொறக்கல போல, பூஞ்சக் காளான் புடிச்சிப் போற அளவுக்கு என்ன மறந்துட்டாங்க'ன்னு அழுதாரு. நம்பரையே மாத்திட்டாரு."

வைகாசி. அவளுக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. முதல் ஈடு பூத்த காலை. நாற்பது பையும் மல்லிகைப் பந்தல் மாதிரி பூத்துக் கிடந்தன. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மகன் கூப்பிட்டான். "உன் ரூமா? காளான் பூத்துக் கெடக்குதுடா!" என்று துள்ளிச் சொன்னாள். அதற்குள் சுப்பராயலுவின் செருப்புச் சத்தம் கேட்டுப் போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அப்பாவுக்குப் பயந்துவிட்டான் என்றுதான் இந்த ஐந்து மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள். காளான் வளர்க்கிறேன் என்று மகனிடம் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் பேனரைக் காட்டினாள். படத்தில் பைகளின் இடுக்கில் மூன்று கரிக்கோடு தெரிந்தது.

"ஸ்டம்பு கோடு. அவரு சொல்லியிருக்காரு. நெஜமாவே காளான்தானா, அத்தே?"

யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. மகாலட்சுமி தலையை ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது. "நெஜமாவே காளான்தாம்மா. தெனமும் தண்ணி தெளிக்கிறேன். தெனமும் அந்தக் கதவத் தொறக்கறேன்."

"நாங்க மெட்ராஸ்ல இல்ல அத்தே. ஆறு மாசமா இங்கதான், வில்லியனூர்லதான். இப்ப அவருக்கு ஓசூர்ல வேல. சாமானெல்லாம் இன்னிக்குக் காலைல டெம்போவுல போயிடிச்சி. அதுவரைக்கும் வெறும் வூட்டுலதான் படுக்கணும். நாங்க திங்கக்கெழம காலைல பஸ்ஸு ஏறுறோம்."

ஆறு மாதம். கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறான். மகாலட்சுமி காளான் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அர்ச்சனா அதைத் திருப்பி வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போனா எங்க போனன்னு கேப்பாரு. மாத்திரை வாங்க வந்தவதான் நான். நான் சொன்னா நம்ப மாட்டாரு அத்தே, சமாதானத்துக்குச் சொல்றன்னுவாரு. நீங்களா சொன்னாத்தான் உண்டு."

அர்ச்சனாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. "அவருதான். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறாரு" என்று எழுந்து வேகமாக நடந்தாள். மகாலட்சுமி பின்னாலேயே வாசல் வரை ஓடினாள். தேரடிப் பக்கம் சனிக்கிழமைக் கூட்டம். அந்தப் பச்சைச் சுடிதார் அதற்குள் கலந்துவிட்டது. எந்தத் தெரு, எந்த வீடு, என்ன நம்பர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அழுகை தின்றுவிட்டது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுண்டல் தீர்ந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இத்தனை வாரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகன் எங்கே இருக்கிறான், மருமகள் வயிறு எத்தனை மாதம் என்றுகூடக் கேட்டிலிருந்து பார்த்திருப்பார். மாட்டிடம்கூட அதைச் சொல்லவில்லை. வாசப்படி மிதிக்கக் கூடாது என்றவர் அவர்கள் வாசலில் போய் நிற்கிறார். வாய் திறக்காத பாவத்துக்கு அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு தனியாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

நாலு மணிக்கு வீடு வந்தாள். வழியெல்லாம் ஒரே கணக்கு. நாளை ஞாயிறு. மஞ்சள் பை போகும். அதில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டால் போதும். அவரிடம் பேச வேண்டியதுகூட இல்லை.

மாட்டுக் கொட்டகை ஆணியில் எப்போதும் தொங்கும் பை இல்லை. டி.வி.எஸ். வண்டியும் இல்லை.

மகன் அறைக்குப் போனாள். ஜன்னல் பக்கமிருந்த நாலு பைகளை இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, சாக்கை விலக்கி ஜன்னலைத் திறந்தாள். ஏழு மாதம் கழித்து வெயில் உள்ளே வந்தது. ஒரு கட்டில் போட இடம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது.

சுப்பராயலு இறங்கினார். கையில் மஞ்சள் பை. போன பை அப்படியே நிறைந்து திரும்பி வந்திருந்தது. நாமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. பையை ஆணியில் மாட்டப் போனவர் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீக்கடையில சொன்னாங்க செவலை. டெம்போல சாமான் ஏத்துனாங்களாம்." தொண்டையைச் செருமினார். "ஓடினேன். கதவுல பூட்டு தொங்குது. ஜன்னல் வழியாப் பாத்தா வூடு காலி. போயிட்டாங்க."

மாடு அசை போட்டது.

மகாலட்சுமி கொட்டகையைப் பார்த்த அறை வாசலில் நின்றாள். அன்று போலவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை பஸ் போய்விடும். நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"போவல" என்றாள். "திங்கக்கெழம காலைலதான் போறாங்க. சாமான் மட்டும்தான் போயிருக்குது. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க, அதான் பூட்டு."

அவர் திரும்பிப் பார்த்தார். மாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஆரு சொன்னா?"

"உங்க மருமவ. மத்தியானம் என் பக்கத்துல உட்காந்திருந்தா."

அர்ச்சனா திருப்பி வைத்த காளான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மகாலட்சுமி கொட்டகைக்குள் வந்தாள். "வூடு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. கேக்க மறந்துட்டேன். உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். மகன் அறைக்குள் வெயில். சுவரில் மூன்று கோடு. அவள் அவர் கையிலிருந்து மஞ்சள் பையை வாங்கி, தக்காளிக்கு மேலே காளான் பொட்டலத்தை வைத்தாள். புரட்டாசி சனிக்கிழமை. அவர் அதைப் பார்த்தார். தள்ளிவிடவில்லை. எழுந்து மேல்துண்டால் மூக்கில் இறங்கிய நாமத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார்.

"அந்த முப்பது?" என்றார், சாவியைப் பார்த்துக்கொண்டே.

"மாத்திட்டேன். மூணுதான்."

தலையை ஆட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். வா என்று சொல்லவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் பின் சீட்டில் கிடந்த வைக்கோல் தூசியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.